ஊரடங்கு வந்தால் சுயதொழில் செய்வோர் எங்கே போய்க் கேட்பது? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு நிவாரண வழிகாட்டி

2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, நாகர்கோவில் வடசேரியில் ஒரே நிறுத்தத்தில் ஆட்டோ ஓட்டி வந்த இருவர் எங்கள் தெருவில் இருந்தார்கள். இருவருக்கும் சொந்த வண்டி, இருவருக்கும் வண்டிக் கடன், இருவர் வீட்டிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மூத்தவர் மதிலுக்கு அப்பால் நின்றபடி, "ஒனக்குப் பைசா கேறிச்சா மக்களே?" என்று கேட்டார். இளையவருக்குக் குடும்ப அட்டைக்காக அரசு கொடுத்த 1,000 ரூபாய் மட்டுமே கிடைத்திருந்தது. மூத்தவருக்கு அதோடு ஓட்டுநர் நலவாரியத்தின் 1,000 ரூபாயும் வந்திருந்தது. பின்னர் மேலும் 1,000 ரூபாய் வந்தது. தொழில், கடன், கஷ்டம் எல்லாம் ஒன்றாக இருந்தும் உதவி மட்டும் வேறுபட்டதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நலவாரியத்தில் பெயரைப் பதிந்து வைத்திருந்ததும், மற்றவர் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்ததும்தான்.

கொரோனா பெருந்தொற்று நீடித்த அந்த இரண்டு ஆண்டுகளில் அக்கம்பக்கத்தாருக்கு நான் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்கள் அனைத்திலும் இதே உண்மையைத்தான் கண்டேன். மாதச் சம்பளக்காரருக்கு வருமானச் சீட்டும் வருங்கால வைப்புநிதிக் கணக்கும் சாட்சியாக நிற்கின்றன. ஆனால் இளநீர் வெட்டி விற்பவருக்கும், தையல் இயந்திரம் வைத்திருப்பவருக்கும், ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவருக்கும், தலைச்சுமையாக மீன் விற்கும் அம்மாவுக்கும் தாங்கள் இந்தத் தொழிலைத்தான் செய்கிறோம் என்று சொல்ல எந்தத் தாளும் இருப்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அரசும் வங்கிகளும் அறிவித்த உதவிகளில் பெரும்பகுதி ஏதாவது ஒரு பதிவேட்டைப் பார்த்தே வழங்கப்பட்டது. ஆகவே இந்த வழிகாட்டியின் முதற்பாதி நெருக்கடி வருமுன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது. பிற்பாதி, வந்துவிட்ட பின் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது.

எந்தெந்தப் பதிவேடுகளில் பெயர் இருக்க வேண்டும்?

முதலாவது, தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியம். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையில் தொழில்வாரியாகப் பல வாரியங்கள் இயங்குகின்றன. கட்டுமானம், ஆட்டோ மற்றும் வாடகைக் கார் ஓட்டுநர், தையல், முடிதிருத்தல், சலவை, பனைமரத் தொழில், கைவினை, மண்பாண்டம், பொற்கொல்லர், வீட்டுவேலை, சமையல், சாலையோர வணிகம் என ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம் உண்டு. தனி வாரியம் இல்லாத பல வேலைகள் உடலுழைப்புத் தொழிலாளர் வாரியத்தின் கீழ் வரும். 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், செய்யும் தொழிலுக்கான சான்று ஆகியவற்றைக் கொண்டு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டில் கணினி இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். சந்தேகம் இருந்தால் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்கலாம். பதிவு செய்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய தேதி அட்டையிலேயே இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டதால், உறுப்பினராக இருந்தும் உதவி கிடைக்காமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையை எடுத்து அந்தத் தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கல்வி உதவி, திருமண உதவி, மகப்பேறு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவையும் இந்த அட்டை வழியாகவே கிடைப்பதால், பெருந்தொற்று வராத ஆண்டுகளிலும் அதனால் பயன் உண்டு.

இரண்டாவது, மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு. 2021 ஆகஸ்ட் 26 அன்று இது தொடங்கப்பட்டது. 16 முதல் 59 வயது வரை உள்ள, வருமான வரி செலுத்தாத, வருங்கால வைப்புநிதியிலும் ஈஎஸ்ஐ திட்டத்திலும் உறுப்பினராக இல்லாத எவரும் ஆதாரையும் கைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் கொண்டு பதிந்து 12 இலக்க எண்ணைப் பெறலாம். நலவாரியப் பதிவு தமிழ்நாட்டுக்குள் செல்லும். இ-ஷ்ரம் எண் நாடு முழுவதற்கும் பொது. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பக்கம் கொத்து வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் தினமும் போய்வரும் நம் ஊர்க்காரர்கள் ஏராளம். 2020இல் எல்லை அடைக்கப்பட்டபோது இந்தப் பக்கம் வேலையும் இல்லை, அந்தப் பக்கம் பெயரும் இல்லை என்ற நிலையில் அவர்கள் தவித்ததை மறக்க முடியாது. இவர்கள் இரண்டு பதிவுகளையும் செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, குடும்ப அட்டை. அட்டை இருக்கிறதே என்று நிம்மதி அடையாமல், அதில் அச்சிட்டுள்ள வகையைப் பாருங்கள். பிஎச்எச், என்பிஎச்எச் என்று இருந்தால் அரிசி உண்டு. என்பிஎச்எச்-எஸ் என்றால் சர்க்கரை அட்டை. என்பிஎச்எச்-என்சி என்றால் எந்தப் பொருளும் இல்லாத அட்டை. 2020 ஏப்ரலில் வழங்கிய 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக வழங்கிய 4,000 ரூபாயும் அரிசி அட்டைதாரர்களைக் கணக்கில் கொண்டே வழங்கப்பட்டன. வருமானம் நன்றாக இருந்த காலத்தில் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர்கள், நிலைமை மாறியிருந்தால் வகை மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டால் நடைமுறையைச் சொல்வார்கள்.

தள்ளுவண்டி, நடைபாதைக் கடை, கூடை வியாபாரம் செய்பவர்களுக்கு நான்காவதாக ஒன்று உண்டு. அது பிஎம் ஸ்வநிதி. 2020 ஜூன் 1 அன்று, பெருந்தொற்றால் கைமுதல் இழந்த சாலையோர வியாபாரிகளுக்காகவே தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில் முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000 ரூபாய் என்று பிணையில்லாக் கடன் கிடைத்தது. தவணை தவறாதவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியமும் உண்டு. 2025இல் திட்டத்தைத் திருத்தி நீட்டித்தபோது முதல் கடன் 15,000 ஆகவும், இரண்டாவது 25,000 ஆகவும் உயர்ந்தன. இத்திட்டம் நகர்ப்புற உள்ளாட்சிகள் வழியாக நடப்பதால், "நாங்கள் நகரத்தில் இல்லையே" என்று பலர் விலகிவிடுகிறார்கள். இது தவறான எண்ணம். குமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள் மிக அதிகம். 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறப் பகுதியினராகவே கணக்கிடப்பட்டிருக்கிறார்கள். உங்கள் பேரூராட்சி, நகராட்சி அல்லது நாகர்கோவில் மாநகராட்சியில் வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டை இல்லாவிட்டால் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கிராம ஊராட்சியில் குடியிருந்து நகரத்துக்கு வந்து விற்பவர்களும் கேட்கலாம்.

சிறு பட்டறை, வீட்டில் ஊறுகாய், தேன் பதப்படுத்தல், கயிறு திரித்தல், சிப்பிப் பொருள் செய்தல் போன்றவற்றில் இருப்போர், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவையும் செய்துவிடுவது நல்லது. அது 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது; ஆதார் எண்ணும் பான் எண்ணும் சுய அறிவிப்பும் வேண்டும்; கட்டணம் எதுவும் கிடையாது. இதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல. வழிகாட்டல் வேண்டுமானால் நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போகலாம்.

வங்கிக் கணக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

பெயர் பதிவாகியிருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்கே காரணம். ஒருவருக்கு மூன்று கணக்குகள் இருக்கலாம். ஆனால் ஆதார் வழியாக அனுப்பப்படும் உதவி, ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே போகும். குழுக் கடனுக்காக எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் உதவித்தொகை கிடந்ததை ஒரு பாட்டிக்கு ஓராண்டு கழித்து எடுத்துக்கொடுத்தோம். எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டு, கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசி எண் மாறியிருந்தால் ஆதாரிலும் வங்கியிலும் மாற்றுங்கள். வெளியே போக முடியாத நாட்களில், தபால்காரர் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்து, எந்த வங்கியில் உள்ள பணத்தையும் ஆதார் வழியாக எடுத்துக்கொடுக்கும் வசதி இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் உண்டு. ஊரடங்கில் வயதானவர்களுக்கு அது பேருதவியாக இருந்தது.

அடுத்தது கணக்கு எழுதுதல். சுயதொழில் செய்பவரிடம் வங்கி மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு வரும்?" என்பது. "சீசனைப் பொறுத்து இருக்கும் சார்" என்ற பதில் உண்மையானதுதான். ஆனால் அதை வைத்து ஒரு கோப்பை நகர்த்த முடியாது. கன்னியாகுமரி கடற்கரைப் பகுதியில் பாசிமணி விற்கும் ஒரு பெண், பிள்ளையின் பழைய பள்ளி நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் நாள்தோறும் மூன்றே மூன்று விஷயங்களை எழுதி வந்தார்: தேதி, விற்ற தொகை, சரக்குக்குக் கொடுத்த தொகை. மழையால் கடை போடாத நாளில் ஒரு கோடு. ஐயப்ப சீசனில் தொகை ஏறுவதும், பள்ளி திறக்கும் ஜூனில் இறங்குவதும் அந்தப் பக்கங்களில் தெளிவாகத் தெரிந்தன. அவர் கடன் கேட்டுப் போனபோது அந்த நோட்டும், கியூஆர் அட்டை வழியாக வந்த பணத்தைக் காட்டும் வங்கி அறிக்கையும் அவருக்குச் சான்றாக அமைந்தன. இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. இரவு சாப்பிட்ட பிறகு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு

நெருக்கடி வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது, கையிலிருந்து பணம் வெளியே போவதை மட்டுப்படுத்துவது. புதுக் கடனைத் தேடுவதற்கு முன் பழைய கடனின் தவணையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மார்ச் முதல் மே வரை மூன்று மாதத் தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுமதி கொடுத்தது; பின்பு மே 22 அன்று அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. தேநீர்க் கடைகளிலும் குழுக் கூட்டங்களிலும் இது "கடன் தள்ளுபடி" என்றே பரவியது. அந்த ஒரு சொல்லால் ஏற்பட்ட ஏமாற்றத்தை நேரில் பார்த்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன். தள்ளுபடியில் கடனே இல்லாமல் போகிறது. தள்ளிவைப்பில் கட்டும் நாள் மட்டுமே தள்ளிப்போகிறது. வட்டியோ ஒரு நாள்கூட ஓய்வெடுப்பதில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 1,00,000 ரூபாய் பாக்கி, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 24 தவணைகள் மீதி என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 4,707 ரூபாய். ஆறு மாதம் கட்டாமல் தள்ளிவைத்தால், வட்டி அசலோடு சேர்ந்து பாக்கி 1,06,152 ரூபாயாகிறது. அதே தவணையைத் தொடர்ந்து கட்டினால் 24 தவணைக்குப் பதில் ஏறத்தாழ 26 தவணை கட்ட நேரும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வழியில்லாத வீட்டுக்கு இந்தக் கூடுதல் செலவு ஏற்கத்தக்கதே. தயங்காமல் தள்ளிவைப்பைக் கேட்க வேண்டும். கையில் ஓரளவு பணம் உள்ளவர்கள் தவணையைக் கட்டிவிடுவதே நல்லது. முழுத் தவணை முடியாவிட்டாலும் வட்டியளவையாவது கட்டிவந்தால் பாக்கி ஏறாது. வட்டிக்கு வட்டி வாங்கியது வழக்காகி, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் திருப்பித் தர அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2021 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம், அந்தத் தள்ளிவைப்புக் காலத்துக்கு எவரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் சாதாரண வட்டியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் உத்தரவிடவில்லை.

தள்ளிவைப்பு தானாக நடந்துவிடும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். சில வங்கிகள் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தன. சில, வேண்டாம் என்றவர்களைத் தவிர எல்லாருக்கும் கொடுத்தன. எனவே எழுத்தில் கேளுங்கள். கடிதம் நான்கு வரி இருந்தால் போதும்: "என் கடன் கணக்கு எண் இது. இந்தத் தேதி முதல் என் தொழில் அரசு உத்தரவால் நிறுத்தப்பட்டுள்ளது. இத்தனை மாதத் தவணையைத் தள்ளிவைக்க வேண்டுகிறேன். தள்ளிவைத்தால் என் பாக்கித் தொகையும் புதிய தவணை அட்டவணையும் என்னவாகும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்." இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லி எழுதுங்கள். பணம் இல்லாத கணக்கில் தவணை திரும்பினால் அதற்குத் தனி அபராதம் விழும்.

மகளிர் குழுக் கடன் வாங்கியவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2020இல் அறிவிக்கப்பட்ட தள்ளிவைப்பு நுண்கடன் நிறுவனங்களுக்கும் பொருந்தியது. அப்படியிருந்தும் எங்கள் பகுதியில் ஒரு நிறுவனத்தின் வசூல்காரர் வாசலில் நின்று, "ஒருவர் கட்டாவிட்டாலும் குழுவில் யாருக்கும் அடுத்த கடன் இல்லை" என்று சொல்லிப் பெண்களுக்குள் பகையை மூட்டினார். 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டும்படி நுண்கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. மிரட்டவும் அவமானப்படுத்தவும் கூடாது. மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரத்துக்கு 14448 என்ற எண் இருக்கிறது. தனியார் கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அது 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டத்தின் கீழ் குற்றம். காவல் நிலையத்திலும், திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

புதுக் கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால்

ஊரில் தண்டல் எளிதாகக் கிடைக்கும். கையெழுத்து ஒன்று போட்டால் பணம் உடனே கைக்கு வந்துவிடும். 10,000 ரூபாய் தண்டலில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பார்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் கடன் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால், அந்த வட்டி ஆண்டுக் கணக்கில் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. கடை மூடியிருக்கும் காலத்தில் தினமும் 100 ரூபாய்க்கு எங்கே போவது? அதற்காக இன்னொரு தண்டல் வாங்குவார்கள். அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வாங்கி, கடைசியில் தையல் இயந்திரத்தையே கொடுத்துவிட்ட குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

என் கருத்தில், கேட்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில், திருப்பிக் கட்ட வேண்டாத உதவிகள், அடுத்து, பிஎம் ஸ்வநிதி போன்ற மானிய வட்டிக் கடன், பிறகு கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக் கடன், அதன் பின் சிறு தொழில்களுக்கு வங்கிகள் தரும் முத்ரா கடன். முத்ராவில் சிஷு பிரிவு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. பிணை கேட்கக் கூடாது. 2020இல் சிஷு கடனை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு 12 மாதங்களுக்கு 2 சதவீத வட்டி மானியம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த பாக்கியில் 20 சதவீதம் வரை அரசு உத்தரவாதத்தோடு கூடுதல் கடன் கிடைத்தது. வங்கிக் கணக்கேட்டில் ஏற்கெனவே கடன் இருந்து, அதை முறையாகக் கட்டி வந்தவர்களுக்கே இது எட்டியது. தண்டலில் தொழில் நடத்தியவர்களுக்கு ஒரு ரூபாய்கூட எட்டவில்லை. பிற்படுத்தப்பட்டோருக்கான டாப்செட்கோ, சிறுபான்மையினருக்கான டாம்கோ கழகங்களின் தொழில் கடன்களுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரை அணுக வேண்டும்.

நகைக் கடனைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021இல் தமிழ்நாடு அரசு 5 பவுன் வரையிலான நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்தபோது, கூட்டுறவு நிறுவனங்களில் தகுதியோடு கடன் வாங்கியவர்களுக்கே அது பொருந்தியது. அத்தகைய தள்ளுபடியை எதிர்பார்த்துக் கடன் வாங்கக் கூடாது. ஆனால் எங்காவது வைக்கத்தான் வேண்டும் என்றால் அங்கே வைப்பதில் நட்டமில்லை.

கைபேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளை அறவே தவிர்த்துவிடுங்கள். தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, பின்னர் உறவினர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி மானத்தை வாங்கிய நிகழ்வுகள் ஊரடங்குக் காலத்தில் பெருகின. "நிவாரணத் தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று அழைப்பவர்களும் மோசடிக்காரர்களே. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கடல் தொழிலாளருக்கு

குமரியில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், நீரோடி வரை நீளும் மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2020இல் ஊரடங்கால் ஏற்கெனவே நாட்கள் வீணானதால் தடைக்காலம் 47 நாளாகக் குறைக்கப்பட்டது. தடைக்கால நிவாரணமும், மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 ரூபாய் சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்குத்தான் கிடைக்கும். மீன் விற்கும் பெண்களும் மீனவ மகளிர் சங்கத்திலும் மீனவர் நலவாரியத்திலும் சேரலாம் என்பதைப் பல கடற்கரை ஊர்களில் இன்னமும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு ஆணின் பெயர் மட்டும் பதிவாகியிருந்தால் அந்த அம்மாவின் தொழில் எந்தக் கணக்கிலும் வராது.

நோய் வீட்டுக்குள் வந்தால்

தொழில் நின்றதைவிட மருத்துவச் செலவால் அழிந்த குடும்பங்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் பெறலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். நோயாளியைக் கட்டிலில் கிடத்திவிட்டு இந்தச் சான்றுக்காக அலைவது கொடுமை. நலமாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். மருத்துவமனை பணம் கேட்டால் சேர்க்கும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இறப்பு நேர்ந்த வீட்டில் யாருக்கும் தாள்களைத் தேடும் மனம் இருக்காது. இருந்தாலும் யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கருணைத் தொகை என்பது, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை முன்னிறுத்தி நடந்த வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றத்தின் வழியாக உறுதியானது. அதற்குப் பரிசோதனை முடிவும் இறப்புச் சான்றும் கேட்கப்பட்டன. பரிசோதனை முடிவைத் தூக்கி எறிந்துவிட்டவர்கள் மிகவும் அல்லல்பட்டார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்த குழந்தைகளுக்கு 3 லட்சம் ரூபாயும் அறிவித்தது. எனவே காய்ச்சல் முகாம் சீட்டு முதல் மருத்துவமனை வெளியேற்றச் சீட்டு வரை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

கடைசியாக, எவரும் சொல்லித்தராத ஒன்று. திங்கள்சந்தைப் பக்கம் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒருவர் 2021 மே மாதம் இறந்தார். அவருடைய கணக்குப் புத்தகத்தை வரவு வைக்கக் கொடுத்து வாங்கியபோது, முந்தைய ஆண்டு மே மாத இறுதியில் 330 ரூபாய் பிடித்த ஒரு வரி கண்ணில் பட்டது. அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான சந்தா; எந்தக் காரணத்தால் இறந்தாலும் வாரிசுக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். தான் எப்போது அதில் கையெழுத்திட்டேன் என்பதையே அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. 2022 ஜூன் முதல் அந்தச் சந்தா 436 ரூபாய். விபத்துக் காப்பீடான சுரக்‌ஷா பீமாவுக்கு 20 ரூபாய். முதலாவதில் 18 முதல் 50 வயதுக்குள்ளும், இரண்டாவதில் 18 முதல் 70 வயதுக்குள்ளும் சேரலாம். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் கணக்குப் புத்தகத்தையும் வரவு வைத்து, மே, ஜூன் மாதங்களில் 436, 20 என்ற தொகைகள் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பிடிக்கப்படாவிட்டால் வங்கியில் படிவம் கேளுங்கள். பிடிக்கப்பட்டிருந்தால் நியமனதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்று கேட்டு, அந்த வரியின் அருகே பென்சிலால் ஒரு குறியிட்டு, அது என்ன பணம் என்பதை மனைவிக்கோ மகளுக்கோ காட்டிவையுங்கள். இறப்புக்குப் பின் அதே வங்கிக் கிளையில் உரிமைக் கோரல் படிவம், இறப்புச் சான்று, நியமனதாரரின் ஆதார், அவருடைய கணக்கு விவரம் ஆகியவற்றைத் தாமதமின்றிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்க வேண்டும். அந்த முடிதிருத்துநர் வீட்டில் அப்படித்தான் செய்தோம். கடையின் வாடகைப் பாக்கியைத் தீர்த்தது போக மீதியை அவருடைய மனைவி அஞ்சலகத்தில் போட்டிருக்கிறார்.